ஷர்வரியின் நிரலில் ஒரு வரி

நினாத் பெண்ட்சேவுக்கு அந்த அலுவலகத்தில் இருந்த மரியாதை, 'முடியாது' என்று சொல்லியே சம்பாதித்தது. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் அதுதான் உண்மை. ஜெர்மனியில் செய்த ஒரு பெரிய மென்பொருளை வாங்கி, புனேயில் இருக்கிற கம்பெனிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் பொருத்திக் கொடுப்பது அவர்கள் தொழில். அந்த மென்பொருளுக்கு வாயில் நுழையாத விற்பனைப் பெயர் ஒன்று உண்டு. அலுவலகத்தில் அதை யாரும் சொல்வதில்லை. 'ஆஜோபா' என்றுதான் சொல்வார்கள், தாத்தா. பெரியவர், பிடிவாதக்காரர், தன் வழக்கத்தை யாருக்காகவும் மாற்றிக்கொள்ளாதவர். அவருடைய குணம் முழுசாகத் தெரிந்தவன் நினாத் ஒருவன்தான். வாடிக்கையாளர் யாராவது வந்து, எங்களுக்கு இது இப்படி வேண்டும் என்று கேட்டால், நினாத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "ஆஜோபாகிட்ட அது முடியாது" என்பான். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

அப்படி முடிந்துபோன பேச்சுகளில் ஒன்று டாக்டர் லிமயேயுடையது. கர்வே ரோட்டில் அந்த அம்மாள் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடம் வைத்திருந்தார். ரிப்போர்ட்டுகளையெல்லாம் பின்னறையில் மொத்தமாக அச்சடித்து, கட்டுக் கட்டாக அடுக்கி, தேடித் தேடிக் கொடுக்க வேண்டியிருந்தது. வருகிறவர் டோக்கனை நீட்டினால் கவுண்டரிலேயே, எங்கள் தாளில், எங்கள் பாணியில் அச்சாகி வரக்கூடாதா என்று வருஷா வருஷம் கேட்டார். வருஷா வருஷம் நினாத் கண்ணாடியைத் துடைத்தான்.

பிறகு ஷர்வரி கோத் வேலைக்குச் சேர்ந்தாள். கோலாப்பூர்க்காரி. சிரித்தால் அடுத்த மாடிக்குக் கேட்கும். சேர்ந்த புதிதில் லிமயேயின் கோரிக்கை ஒரு கூட்டத்தில் மறுபடி வந்தது. நினாத் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே அவள் சொல்லிவிட்டாள்.

"ஏன் முடியாது? ஆஜோபாவை யாரு மாத்தச் சொன்னா? அவர் பாட்டுக்கு உள்ள உக்காந்திருக்கட்டும். வாசல்ல நம்ம ஆளு ஒருத்தனை நிறுத்திட்டாப் போச்சு. வர்றவங்க அவன்கிட்ட டோக்கனைக் காட்டட்டும், அவன் உள்ள போய் விவரத்தை வாங்கிட்டு வந்து அழகாத் தாள்ல எழுதிக் குடுப்பான்."

வாசலில் நிறுத்துகிற அந்த ஆளுக்குத்தான் சர்வ்லெட் என்று பெயர். ஜாவாவில் நாமே எழுதி, பெரிய மென்பொருளோடு ஒட்டிவிடுகிற சின்ன நிரல். எங்கிருந்து யார் கேட்டாலும் அது ஒன்றே எல்லோருக்கும் பதில் சொல்லும். கொஞ்ச நாளிலேயே ஷர்வரி ஒன்றை எழுதிக் காட்டினாள். டாக்டர் லிமயே திரையைப் பார்த்துவிட்டு நினாத்தைப் பார்த்தார்.  வாய்விட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

அன்றிலிருந்து அலுவலகம் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. நினாத் 'முடியாது' என்று வைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து அவள் மேஜைக்குக் கொண்டுபோனார்கள். மேனேஜர் தேவ்தர், அவரும் சேர்ந்துகொண்டார். ஆஜோபாவைச் செய்கிற ஜெர்மன் கம்பெனிக்கு இங்கிருந்து ஒருவரை அனுப்ப வேண்டியிருந்தது. மான்ஹைம் நகரில் இரண்டு வருஷம், குடும்பத்தோடு. அது நினாத்துக்குத்தான் என்று தேவ்தரே தோளில் தட்டிச் சொல்லியிருந்தார். இப்போது தட்டுவதில்லை. "லிமயே லேப் வேலை முடியட்டும்டா, பாத்துக்கலாம்" என்றார். யாரைப் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று நினாத்துக்குத் தெரியாதா?

அவனுக்கு வயிறு எரிந்தது. சுற்றி வளைத்துச் சொல்ல இதில் ஒன்றும் இல்லை, அது பொறாமைதான், முழுப் பொறாமை. அவள் விசைப்பலகையைத் தட்டும் சத்தம் பிடிக்கவில்லை. கான்டீனில் அவல் போஹா மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டு விரலை நக்குவது பிடிக்கவில்லை. தனக்கு அவள் காட்டிய மரியாதை இருக்கிறதே, அது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"இன்னிக்கு என்ன பண்ணினா உன் ஷர்வரி?" என்று கேட்டாள் அவன் மனைவி மிருணாள், பாக்கரி ரொட்டி தட்டிக்கொண்டே.

"என் ஷர்வரியா? நான் ஏதாவது சொன்னேனா?"

"நீ வந்து செருப்பைக் கழட்டுறதுக்குள்ள மூணு வாட்டி அவ பேரு வந்தாச்சு. கல்யாணமான புதுசுல என் பேரைக்கூட நீ இவ்வளவு சொன்னதில்லப்பா."

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது மிருணாள். சும்மா துணிச்சல். புத்தகக் கடைத் தெருவுக்குப் போய்ப் பெரிய புத்தகமா ஒண்ணு வாங்கினா யாரு வேணும்னாலும் எழுதலாம் அதை."

"அப்ப வாங்கி எழுதேன். யாரு கையைப் பிடிச்சா?"

அவன் வாங்கியே வைத்திருந்தான். அதை அவளிடம்கூடச் சொல்லவில்லை. சர்வ்லெட் எழுதுவது பற்றிய செங்கல் கனத்துப் புத்தகம். காலையில் அவள் நடக்கப் போகும் நேரத்தில் எடுத்துப் படித்துவிட்டு, அவள் திரும்புவதற்குள் துணிகளுக்கு அடியில் வைத்துவிடுவான். முழுக்கக் கற்றுக்கொண்டு ஒரு நாள் எல்லோர் முன்னாலும், போகிற போக்கில், இதெல்லாம் ஒரு விஷயமா என்பது போல எழுதிக் காட்ட வேண்டும். அதுவரை யாருக்கும் தெரியக்கூடாது. ஷர்வரியிடமிருந்து கற்றுக்கொண்டான் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. மெல்ல மெல்லப் படித்து, பாதிக்கு மேல் வந்திருந்தான். ஒளிந்து படித்தாலும் ஒழுங்காகவே படித்தான்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் எழுதிய நிரலும் இன்னொருவர் படித்துப் பார்த்து 'சரி' போடாமல் வெளியே போகாது. ஷர்வரியின் நிரல்களை வழக்கமாகப் பார்ப்பவன் கௌஸ்துப். அவன் தங்கை கல்யாணத்துக்கு ரத்னகிரி போய்விட்டான். லிமயே லேபில் திங்கட்கிழமை தொடக்கம். வியாழக்கிழமை மதியம் ஷர்வரி ஒரு டப்பாவில் படங் என்கிற காரப் பொரியை எடுத்துக்கொண்டு நினாத்தின் மேஜைக்கு வந்தாள்.

"நினாத் சார், அம்மா அனுப்பியிருக்காங்க, எடுத்துக்குங்க. காரம் கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும், புனேக்காரங்க தண்ணி பக்கத்துல வச்சுக்கணும். சார், ஒரு உதவி. கௌஸ்துப் இல்ல. லேப் ப்ரோக்ராமை நீங்க பாத்துக் குடுத்துடுறீங்களா?"

"நானா?"

"சர்வ்லெட் சமாச்சாரத்துல எல்லாம் நீங்க மண்டையை உடைச்சுக்க வேணாம் சார், அதை நான் பாத்துக்கிறேன். ஆஜோபாகிட்டப் போய்ப் பேசுற இடம் மட்டும் பாருங்க. அது உங்களை விட்டா இங்க யாருக்குத் தெரியும்?"

அவள் மனசார மரியாதையாகத்தான் சொன்னாள். அவன் காதில் விழுந்தது மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம் என்றது மட்டும்தான்.

படித்தான். நன்றாக எழுதியிருந்தாள். அப்படி இல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. ஆஜோபாவிடம் கேட்க வேண்டியதை, கேட்க வேண்டிய முறையில், அவர் முகம் சுளிக்காதபடி கேட்டிருந்தாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவள் பார்க்கச் சொன்ன இடம் முடிந்துவிட்டது. அதோடு மூடியிருக்கலாம். அவன் மேலே, நிரல் தொடங்கும் இடத்துக்குப் போனான்.

அங்கே இருந்தது அந்த வரி. டோக்கன் எண்ணை வைத்துக்கொள்ளும் வரி. இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது.

வாசலில் நிற்கிற ஆள் ஒருவன்தான் என்று சொன்னேன் இல்லையா? யார் டோக்கனை நீட்டினாலும் அதை அந்த வேலைக்கு மட்டும் தனியாகக் கையில் குறித்துக்கொள்ள வேண்டும். ஷர்வரியின் ஆள் அதைச் சுவரில் மாட்டிய ஒரே பலகையில் எழுதினான். ஒருவர் வந்தால் ஒரு தொல்லையும் இல்லை. ஒருவருடைய எண்ணை எழுதி, தாளில் பெயரைப் போட்டுவிட்டு, ரத்த விவரத்துக்கு அவன் உள்ளே போவதற்குள் இரண்டாமவர் வந்து நீட்டினால், பலகையில் பழைய எண் அழிந்து புது எண் வந்துவிடும். தாளின் தலையில் முதலாமவர் பெயர் இருக்கும், கீழே இரண்டாமவரின் ரத்தம் இருக்கும். தனியாக உட்கார்ந்து எத்தனை முறை சோதித்தாலும் இது தெரியாது. கூட்டம் வந்தால்தான் தெரியும். சர்வ்லெட் எழுதுகிற புதியவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற தப்பு. நினாத்தின் புத்தகத்தில் முதல் சில பக்கங்களிலேயே தடித்த எழுத்தில் எச்சரித்திருந்தார்கள்.

அவனுக்கு வந்தது மகிழ்ச்சி. அப்படி ஒரு மகிழ்ச்சி அவனுக்கு வந்து வெகுநாளாகியிருந்தது. நாற்காலியிலிருந்து பாதி எழுந்துகூட விட்டான், ஷர்வரி இங்கே வா என்று கூப்பிட. அவள் அந்தப் பக்கம் யாரிடமோ எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். இப்போது சொன்னால் என்ன ஆகும்? 'அய்யோ ஆமா சார்' என்பாள். ஒரு நிமிஷத்தில் திருத்திவிடுவாள். திங்கட்கிழமை எல்லோரும் கை தட்டுவார்கள், அவளுக்கு. அவன் திரும்ப உட்கார்ந்தான்.

அவள் என்ன கேட்டாளோ அதை மட்டும்தானே பார்க்க வேண்டும்? 'ஆஜோபா பகுதி சரி' என்று தட்டி அனுப்பினான்.

"தேங்க்ஸ் சார்! ஒரு தட்டு மிசல் என்னோட ட்ரீட்!" என்று அங்கிருந்தே கத்தினாள்.

வெள்ளிக்கிழமை ஒத்திகையில் தானாக வெளியே வந்துவிடும், யாருக்கும் கெடுதல் இல்லாமல் அவள் மூக்கு மட்டும் உடையும் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான். ஒத்திகையில் ஒரே ஒரு கவுண்டர் பெண் ஒவ்வொன்றாகத் தட்டினாள். எல்லாம் சரியாக வந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவன் கைபேசியில் ஷர்வரியின் எண் இருந்தது. கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை மாலை லேபில் கவுண்டர்களுக்கெல்லாம் செவ்வந்தி மாலை தொங்கியது. டாக்டர் லிமயே பட்டுப் புடவையில் நின்றார். தேவ்தர் எல்லோரோடும் கை குலுக்கினார். ஆஜோபா ஏதாவது முரண்டு பிடித்தால் பார்த்துக்கொள்ள நினாத்தையும் அழைத்து வந்திருந்தார்கள். முதலில் நாலைந்து பேர் வந்தார்கள், தாள்கள் சரியாக வந்தன. அலுவலகம் விடும் நேரம் ஆனதும் கூட்டம் சேர்ந்தது.

முதலில் மாட்டியவர் அப்யங்கர் என்று ஒரு கிழவர். தாளைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்துவிட்டு மறுபடி கவுண்டருக்கு வந்தார்.

"ஏம்மா, நான் சர்க்கரை பாக்கத்தானே ரத்தம் குடுத்தேன்? இதுல நான் கர்ப்பம் இல்லைன்னு போட்டிருக்கு. அது எனக்கு முன்னாலயே தெரியும்மா."

வரிசையே சிரித்தது. ஷர்வரி சிரிக்கவில்லை. ஓடி வந்து அதே டோக்கனைத் தானே தட்டிப் பார்த்தாள். சர்க்கரை அளவு அச்சானது, சரியாக. மறுபடி தட்டினாள். மறுபடியும் சரி.

"கவுண்டர்ல நம்பரைத் தப்பா அடிச்சிருப்பாங்க. விடு" என்றார் தேவ்தர்.

"இல்ல சார், பேரு சரியா வந்திருக்கே. நினாத் சார், ஆஜோபா எதையாவது பழசை ஞாபகம் வச்சுக்கிட்டுக் குடுக்கிறாரா? கொஞ்சம் பாருங்களேன்."

"பாக்கிறேன்" என்று நினாத் மடிக்கணினியைத் திறந்தான். அதில் பார்க்க ஒன்றும் இல்லை என்று அந்தக் கட்டடத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். விரல்கள் எதையோ தட்டின. முகத்தில் கவலை இருந்தது. உள்ளே, உண்மையைச் சொன்னால், இன்னும் கொஞ்சம் நடக்கட்டும் என்றுதான் இருந்தது.

கவுண்டர்கள் தொடர்ந்தன. ஒரு பெண்மணி கணவரோடு வந்திருந்தார். கணவர் மெலிந்த மனிதர், காலில் வீக்கம், நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் தாளை வாங்கிப் படித்தார். அங்கேயே கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நார்மல்னு இருக்கு! அஹோ, கேட்டீங்களா? கிட்னி நார்மல்!" வெளியே ஓடி, எதிர் இனிப்புக் கடையில் பேடா வாங்கிக்கொண்டு வந்து, கவுண்டர் பெண்கள், வரிசையில் நின்றவர்கள் என்று எல்லோருக்கும் கொடுத்தார். நினாத்திடமும் நீட்டினார். "எடுத்துக்கோங்க அண்ணா. ஆறு மாசமாத் தூங்கல நான். இனிமே அந்த மாத்திரையெல்லாம் வேணாம், இல்ல?"

நினாத் கை நீட்டி வாங்கினான். வாயில் போட்டுக்கொண்டான். அந்தத் தாளில் இருப்பது யாருடைய ரத்தமோ என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதோடு சரி.

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் பின்னறையிலிருந்து பரிசோதகர் ஒருவர் ஓடிவந்தார். "அந்தக் கால் வீங்கின ஆளு எங்க? அவருக்கு கிட்னி டெஸ்ட்ல கிரியேட்டினின் எங்கயோ ஏறியிருக்கு, இன்னிக்கே டாக்டரைப் பாக்கணும்னு ரிப்போர்ட்ல நானே குறிப்பு ஏத்தி விட்டேனே. பேடா குடுத்துட்டுப் போனாங்களாமே?"

டாக்டர் லிமயே கவுண்டர்களை மூடச் சொன்னார். அந்த அம்மாளுக்குத் தானே ஃபோன் செய்தார். "இல்லம்மா, மாத்திரையை நிறுத்தாதீங்க. இல்ல. நீங்க திரும்பி வாங்க" என்று அவர் சொல்வது கூடம் முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பேசியதை அவர் வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார்.

ஷர்வரி தரையில் சுவரோரமாக உட்கார்ந்து தன் நிரலை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். அதிகம் படிக்க வேண்டியிருக்கவில்லை. "அய்யோ" என்றாள். எழுந்து நேராக டாக்டர் லிமயேயிடம் போனாள்.

"மேடம், என் தப்பு. ஆஜோபா மேல ஒண்ணும் இல்ல, கவுண்டர் மேலயும் இல்ல. டோக்கனை வைக்கக்கூடாத இடத்துல வச்சிருக்கேன். ரெண்டு பேர் ஒண்ணா வந்தா மாறிடும். ஒரு வரிதான், இப்பவே திருத்திடுவேன். ஆனா இன்னிக்குக் குடுத்த ஒவ்வொரு தாளையும் திரும்ப வாங்கணும். நான் உக்காந்து எல்லாருக்கும் ஃபோன் பண்றேன்."  

டாக்டர் லிமயே அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கோபம் எனக்கு நிறைய இருக்கு. ஆனா ஒண்ணு சொல்றேன். இங்க இத்தனை வருஷத்துல, இது என் தப்புன்னு ஒருத்தர் வந்து நின்னதை இப்பத்தான் பாக்கிறேன். போ, திருத்து."

தேவ்தருக்கு மூச்சு வந்தது. நினாத்தின் பக்கம் சாய்ந்து, "பாத்தியா? வெளிநாட்டுக்கு அனுப்பினா இந்த மாதிரி ஆளை அனுப்பணும்டா" என்றார்.

பாருங்கள் அநியாயத்தை. விழுந்தும் மாலை அவளுக்குத்தான்!

"இதை ரிவியூ பண்ணினது யாரு?" என்று கேட்டார் டாக்டர் லிமயே.

நினாத் வாயைத் திறப்பதற்குள் ஷர்வரி குறுக்கே வந்தாள். "நினாத் சார்தான் மேடம், ஆனா அவர் மேல ஒண்ணும் இல்ல. ஆஜோபா பகுதியை மட்டும் பாருங்கன்னு நான்தான் சொன்னேன். சர்வ்லெட் அவருக்குப் பழக்கம் இல்ல. தெரியாதவர்கிட்டக் குடுத்தது என் அவசரம்."

"அவன் என்ன பண்ணுவான் பாவம்" என்று தேவ்தர் சிரித்துக்கொண்டே அவன் தோளில் தட்டினார், எத்தனையோ நாளைக்குப் பிறகு. "அவன் பழைய காலத்து ஆளு மேடம். சர்வ்லெட்னா ஏபிசிடி தெரியாது அவனுக்கு."

டாக்டர் லிமயே அவனைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார், பரவாயில்லை என்பது போல. விஷயம் முடிந்துவிட்டது. எந்தப் பழியும் அவன் மேல் இல்லை. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் இந்த ஜன்மத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த அம்மாளின் சந்தோஷத்துக்குத் திறக்காத வாய், அவருக்குப் போன ஃபோனுக்குத் திறக்காத வாய், 'பாவம்' என்ற ஒரு சொல்லுக்குத் திறந்துகொண்டது.

"எனக்குத் தெரியும்" என்றான்.

"என்னடா தெரியும்?"

"டோக்கனை ப்ரோக்ராம்ல மேல, கிளாஸ்லயே வச்சிருக்கா. சர்வ்லெட் ஒரே ஆப்ஜெக்ட்தான், வர்றவங்க எல்லாருக்கும் அதே ஒண்ணுதான் வேலை செய்யும். மேல வச்சா எல்லாருக்கும் பொதுவாயிடும். ஒவ்வொருத்தருக்கும் தனியா ஓடுற doGet-க்கு உள்ள வச்சிருக்கணும்." குரல் உயர்ந்துகொண்டே போனது. "ஏபிசிடி தெரியாதாம்! அது இப்படித்தான் போகும்னு படிச்ச உடனே எனக்குத் தெரியும். ஒரு நிமிஷம்கூட ஆகல எனக்கு."

 அவன் மூச்சு வாங்கிக்கொண்டு எல்லோர் முகத்தையும் பார்த்தான். உண்மையாகவே ஒரு பாராட்டை எதிர்பார்ப்பவன் போலப் பார்த்தான். அதற்குப் பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே எட்டியது.

"எப்ப படிச்சீங்க?" என்று கேட்டாள் ஷர்வரி, மெதுவாக.

"வியாழக்கிழமை."

அவள் கோபப்பட்டிருந்தால் அவனுக்குப் பதில் இருந்தது. நீ கேட்டதை மட்டும் பார்த்தேன் என்று வைத்திருந்தான். அவள் கோபப்படவில்லை. தன்னைப் பற்றிய நினைப்பே அவளுக்கு இல்லை போலிருந்தது.

"அப்ப அந்தம்மா பேடா நீட்டினப்ப உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

தேவ்தர் அவன் தோளிலிருந்து கையை எடுத்தார். வாசல் கதவு திறந்தது. அந்தப் பெண்மணி கணவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு திரும்ப உள்ளே வந்தார். ஷர்வரி அவர்களை நோக்கி ஓடினாள். நினாத் போகவில்லை, சுவரோரமாக ஒதுங்கி நின்றான்.

கம்பெனியில் அவனை ஒன்றும் செய்யவில்லை. ஆஜோபாவைத் தெரிந்த ஆள் அவன் ஒருவன்தான், அனுப்பிவிட முடியாது. மான்ஹைமுக்கு ஷர்வரி போனாள். நினாத் பெண்ட்சேவுக்கு சர்வ்லெட் நன்றாகத் தெரியும் என்பது இப்போது அலுவலகம் முழுக்கத் தெரியும், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சரி பார்க்க வேண்டிய கௌஸ்துப் லீவு போட்டால், அவன் வரும்வரை நிரலை அப்படியே நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.